தம்பியின் கடன் அட்டையில் 60,000 பாக்கி: இலைப் பணத்தை எடுத்து அடைப்பதா?

கட்டபெட்டு அக்கா | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டு எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. நான் கோத்தகிரியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். தம்பிக்கு வயது 22. கோவையில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கேயே 22,000 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு வங்கியின் கடன் அட்டை கைக்கு வந்திருக்கிறது. முதலில் 40,000 வரம்பு. பிறகு செல்பேசியில் வந்த ஒரு செய்திக்கு "ஆம்" என்று அழுத்த, அது 75,000 ஆகியிருக்கிறது.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை அப்பா தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போனுக்கு அழைப்பு வந்தது. உங்கள் மகன் பணம் கட்டவில்லை, நீங்கள் எப்போது கட்டுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் இன்னொரு எண் கேட்டபோது தம்பி அப்பாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறான். மருந்து டப்பாவை முதுகிலிருந்து இறக்காமலே நின்று பேசிவிட்டு வீட்டுக்கு வந்தவர் அன்று இரவு சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை தம்பியை வரவழைத்து ஸ்டேட்மென்ட்டுகளை வரி வரியாகப் பார்த்தேன். ஊதாரித்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. தங்கும் அறைக்கு முன்பணம் 15,000. வேலைக்குக் கட்டாயம் என்று வாங்கிய பழைய லேப்டாப் 18,000. அம்மாவுக்குக் கண்ணாடி. படுகர் மக்களின் ஹெத்தை பண்டிகைக்கு வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் எடுத்த துணி. நாங்கள் அதை வாங்கி உடுத்திக்கொண்டு பெருமைப்பட்டோம். மீதி புதிய போன், நண்பர்களோடு சாப்பாடு, ஒருமுறை கொச்சி.

ஒன்பது மாதம் ஒரு நாள் தவறாமல், பில்லில் போட்டிருந்த குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டியிருக்கிறான். அதைக் கட்டினால் அந்த மாதக் கணக்கு முடிந்தது என்றே நினைத்திருக்கிறான். வேலை மாறிய இடைவெளியில் இரண்டு மாதம் அதுவும் நின்றுவிட்டது. இப்போது பாக்கி ஏறக்குறைய 60,000. புது வேலையில் சம்பளம் 24,000.

அப்பா இந்த மாதம் இலை விற்று வந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்கிறார். மிச்சத்துக்குக் கைமாற்று வாங்கலாம் என்கிறார். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் கூலியும் உரக் கடனும் நிற்கின்றன. என்ன செய்வது? சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் இருவர் இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

சேரிங்கிராஸ் ஓட்டுநர் | ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, முதலில் அந்த அட்டையை இரண்டாக நறுக்குங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

எனக்கு வயது 27. உதகையில் வாடகை வண்டி ஓட்டுகிறேன். பட்டப்படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டவன். 2024 ஏப்ரலில் சீசன் வருகிறது என்ற தைரியத்தில் நான்கு டயரையும் அட்டையில் மாற்றினேன், 22,000 ரூபாய். அந்த மே 7ஆம் தேதிதான் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அது நல்லதா கெட்டதா என்பதை இங்கே விவாதிக்க நான் வரவில்லை. எத்தனை வண்டி மேலே வரும் என்று எங்களில் யாருக்கும் கணிக்க முடியவில்லை, அவ்வளவுதான். பிறகு ஜூலை, ஆகஸ்ட் மழை. வாரத்துக்கு இரண்டு சவாரி கிடைத்தால் பெரிது. பில் மட்டும் மாதம் தவறாமல் 14ஆம் தேதி வந்தது.

நம் மலையில் யாருடைய வருமானம் மாதா மாதம் ஒரே அளவில் வருகிறது? இலை வைத்திருப்பவருக்குப் பனியிலும் வெயிலிலும் இலை இல்லை. காரட் போட்டவருக்கு மேட்டுப்பாளையம் மண்டியில் அன்றைய விலை. காட்டேஜில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இரண்டு சீசன். இந்த அட்டை மாதச் சம்பளக்காரர்களுக்காகச் செய்தது. பெரியவர்களே இதில் வழுக்கும்போது கல்லூரிப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுப்பது பெரிய தவறு என்பது என் முடிவு.

வங்கி ஓய்வு, குன்னூர் | திங்கள், காலை 6.50

அம்மா, வணக்கம். 34 ஆண்டுகள் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தம்பி செய்த தவறைப் படித்தவர்களும் செய்கிறார்கள். கணக்கைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

கடன் அட்டை வட்டி பல வங்கிகளில் மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. கேட்பதற்குச் சிறிய எண். ஆண்டுக்கு 42 சதவீதம். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. 60,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 2,100, வரி 378, ஆக 2,478. பாக்கி 62,478 என்று நிற்கும். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3,124 ரூபாய். தம்பி அதைக் கட்டுகிறான். மீதி 59,354. அதாவது மூவாயிரத்துக்கு மேல் கொடுத்து அசலில் குறைத்தது 646 ரூபாய். இனி ஒரு டீ கூட அந்த அட்டையில் வாங்காமல், இப்படியே குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிக்கொண்டு போனால் 60,000 பாதியாவதற்கு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும்.

இன்னொன்றையும் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. பில் தொகையில் கொஞ்சம் பாக்கி வைத்தாலும் வட்டியில்லாக் காலம் போய்விடும். அந்த மாதம் வாங்கிய பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதன் பிறகு வாங்கும் புதிய பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. மொத்தத்தையும் கட்டி முடிக்கும்வரை அந்தச் சலுகை திரும்பாது. உங்கள் தம்பி ஒன்பது மாதமும் வட்டியில்லாமல் வாங்குகிறோம் என்று நம்பி, ஒவ்வொரு பஸ் டிக்கெட்டுக்கும் வட்டி கொடுத்திருக்கிறான்.

சரி, வழி. மாதம் 6,000 என்று உறுதியாகக் கட்டினால் 14 மாதத்தில் முடியும். ஆனால் வட்டியும் வரியுமாக 19,000 ரூபாய் போகும். அதே 60,000ஐ வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடனாக எடுத்தால், ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கொண்டாலும் முதல் மாத வட்டி 500 ரூபாய்தான். அதே 6,000ஐக் கட்டினால் 11 மாதத்தில் முடிந்துவிடும், மொத்த வட்டி மூவாயிரத்தைத் தொடாது. ஒரே நாளில் அட்டையை அடைத்துவிட்டு நகைக்கடனைத் திருப்பலாம். மனத்துக்குக் கஷ்டமாக இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இலைப் பணத்தைத் தொடாதீர்கள். கவாத்துக்கு ஆள் விடாமல் விட்டால் அடுத்த ஆண்டு வருமானமும் போகும்.

கட்டபெட்டு அக்கா | திங்கள், பகல் 1.15

ஐயா, 646 ரூபாய் என்பதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். போனின் மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை.

நகைக்கடன் என்றதும் எனக்குத் தயக்கம். அம்மாவிடம் இருப்பது இரண்டு வளையல். அவன் கல்லூரிக் கட்டணத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை அடகுக்குப் போய், மூன்று ஆண்டு கழித்து மீட்டது. அம்மாவுக்கு இன்னும் இந்தக் கடன் விஷயமே தெரியாது. அப்பாவும் நானும் மறைத்து வைத்திருக்கிறோம்.

ஃபிங்கர்போஸ்ட் மாணவி | திங்கள், மாலை 5.40

நான் உதகை அரசு கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என்னிடம் கடன் அட்டை இருக்கிறது. ஓட்டுநர் அண்ணா சொன்னதை நான் ஏற்கவில்லை.

என்னுடையது வைப்புத்தொகைக்கு ஈடாகக் கொடுக்கும் அட்டை. உதவித்தொகையிலும் விடுமுறையில் பூக்கடையில் நின்று சம்பாதித்ததிலும் சேர்த்த 15,000 ரூபாயை வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டேன். அதற்கு வட்டி எனக்கு வருகிறது. அதன் பேரில் 13,500 வரம்பு கொண்ட அட்டை கொடுத்தார்கள். சம்பளச் சான்று கேட்கவில்லை, 18 வயது முடிந்திருந்தால் போதும் என்றார்கள். தேர்வுக் கட்டணம், புத்தகம், செல்பேசிக் கட்டணம், இவ்வளவுதான் அதில் போகும். மாதம் 1,500ஐத் தாண்டியதில்லை. கடைசித் தேதிக்குள் முழுத் தொகையும் கட்டிவிடுவேன்.

ஏன் இந்தச் சிரமம் என்று என் தோழிகளே கேட்கிறார்கள். என் அக்கா எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கக் கல்விக் கடனுக்குப் போனபோது, உடன் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்குக் கடன் வரலாறே இல்லை என்று அலையவிட்டார்கள். அப்பா வாழ்நாள் முழுவதும் கடன் வாங்காமல் இருந்தவர். அந்த நேர்மை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் 300இலிருந்து 900 வரை. எனக்கு இரண்டு ஆண்டில் 760 வந்திருக்கிறது. நாளைக்கு நான் மேலே படிக்க விரும்பினால் யார் கையெழுத்துக்கும் கெஞ்ச வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் செய்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் உண்மை. எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது, கோபுரம் எட்டாது. ஓ.டி.பி. வர வேண்டுமென்றால் மேலே சாலைவரை ஏற வேண்டும். போன ஜூலையில் மூன்று நாள் காற்றும் மழையும், மின்சாரம் இல்லை, செல்பேசி செத்துவிட்டது. கடைசித் தேதி ஒரு நாள் தாண்டிவிட்டது. தாமதக் கட்டணம் போட்டார்கள். கடைசித் தேதிக்குப் பின் மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதினேன், திருப்பிக் கொடுத்தார்கள்.

சேரிங்கிராஸ் ஓட்டுநர் | திங்கள், இரவு 8.05

தங்கச்சி, உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீ வைத்திருப்பது உன் சொந்தப் பணத்துக்கு எதிரான அட்டை. கட்டாவிட்டால் வைப்பிலிருந்து எடுத்துக்கொள்வார்கள், கணக்கு முடிந்தது. யாரும் உன் அப்பாவுக்குத் தோட்டத்தில் போன் செய்யப் போவதில்லை. கட்டபெட்டுத் தம்பிக்குக் கொடுத்தது சம்பளத்தைப் போல மூன்று மடங்கு வரம்பு. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள்.

ஃபிங்கர்போஸ்ட் மாணவி | திங்கள், இரவு 8.30

அதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. என் வகுப்பில் இப்போது வேகமாகப் பரவுவது இன்னொன்று. ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ. செயலியில் இணைத்துக்கொள்கிறார்கள், 2022இலிருந்து அந்த வசதி இருக்கிறது. கடையில் க்யூ.ஆர். அட்டையைப் பார்த்து 15 ரூபாய் டீக்கும் 40 ரூபாய் வர்க்கிக்கும் அதிலேயே கட்டுகிறார்கள். வங்கிக் கணக்கிலிருந்து போகிறதா, கடனிலிருந்து போகிறதா என்று அழுத்தும்போது பார்ப்பதில்லை. ஒரு தோழிக்கு ஒரே மாதத்தில் 90 வரிகள் கொண்ட ஸ்டேட்மென்ட் வந்தது. எதுவும் 200 ரூபாயைத் தாண்டவில்லை, மொத்தம் 6,800. அவளுக்கு வீட்டிலிருந்து வருவது 4,000.

கூடலூர் கடை | திங்கள், இரவு 10.50

நான் கூடலூரில் போன் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு மூன்று பையன்களாவது வந்து, "அண்ணா, கார்டைத் தேய்த்துப் பணமாகக் கொடுங்கள், இரண்டு மூன்று சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கிறார்கள். பொருள் விற்றதாகக் கருவியில் தேய்த்துவிட்டு ரொக்கம் கொடுப்பது. அந்த ரொக்கத்தைக் கொண்டுபோய் இன்னோர் அட்டையின் பாக்கியைக் கட்டுவார்கள். அடுத்த மாதம் அதைத் தேய்த்து இதைக் கட்டுவார்கள். சுழற்றுவது என்று பெயர். நான் செய்வதில்லை. கண்டுபிடித்தால் எனக்குக் கருவி போய்விடும், அவனுக்கு அட்டை போய்விடும். ஆனால் செய்து கொடுக்கும் ஆட்களைத் தேடி மலை இறங்கிப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏ.டி.எம்.மில் எடுத்தால் இன்னும் மோசம். பல வங்கிகளில் 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய் கட்டணம். 2,000 எடுத்தாலும் 500. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி.

வட்டியில்லாத் தவணை என்று என் கடையிலும் பலகை தொங்குகிறது, வாடிக்கையாளர் கேட்கிறார்கள் என்பதற்காக வைத்திருக்கிறேன். வட்டி இல்லாமல் எந்த வங்கியும் தருவதில்லை. அந்த வட்டியை விலைத் தள்ளுபடியாக நிறுவனமோ விற்பவரோ கழித்துக் காட்டுவார்கள். ரொக்கமாக வாங்குகிறவருக்கு அந்தத் தள்ளுபடி பல நேரம் கிடைக்காது. வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் செயல்பாட்டுக் கட்டணமும் வாங்குகிறவர் தலையில்தான் விழும். பூஜ்ய வட்டி என்று எதுவும் இல்லை என்று 2013இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கண்டித்திருக்கிறது. இதை நான் கேட்பவர்களிடம் சொல்லித்தான் விற்கிறேன். பாதிப் பேர் கேட்டுவிட்டு அதே போனை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

பந்தலூர் பெரட்டு | செவ்வாய், காலை 7.30

என் தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தவர். நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், 25 வயது.

நான் முதல் அட்டை வாங்கிக்கொண்டு வந்து காட்டியபோது தாத்தா ஒரு கதை சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் இலங்கையில் ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கித்தான் ஆட்கள் தோட்டத்துக்குப் போவார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கடன் எவ்வளவு என்று எழுதிய ஒரு சீட்டு வேண்டும். துண்டு என்பார்கள். புதிய தோட்டத்துக்காரர் அந்தக் கடனைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்வார். ஆள் எங்கே போனாலும் துண்டு அவனுக்கு முன்னால் போய் நிற்கும். "உன் அட்டைக்கும் துண்டு உண்டா?" என்று கேட்டார். உண்டு தாத்தா, சிபில் அறிக்கை என்று பேர் என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். நாங்கள் யாருக்கும் அடிமையில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையைக் கட்டும்போது எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது. மாணவி தங்கை சொல்வதுபோல நல்ல மதிப்பெண் வைத்தால் கதவு திறக்கும். 22 வயதில் தவறினால், வீட்டுக் கடன் கேட்கப் போகும்போதும் அது முன்னால் நிற்கும். இதைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி முதல் ஆண்டிலேயே யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான் வைத்திருக்கும் வழக்கம் ஒன்று: வங்கி 80,000 வரம்பு கொடுத்தது. செயலிக்குள் போய் நானே அதை 15,000 ஆகக் குறைத்துவிட்டேன். ரொக்கம் எடுக்கும் வசதியையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் அணைத்துவிட்டேன்.

வங்கி ஓய்வு, குன்னூர் | செவ்வாய், காலை 11.20

பந்தலூர்த் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

கட்டபெட்டு அம்மாவுக்கு இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். முதலாவது அப்பாவுக்கு வந்த அழைப்பு. அட்டைக்காரரின் குடும்பத்தினர், நண்பர்களின் தனிமையில் தலையிடுவதோ, நாலு பேர் முன் அவமானப்படுத்துவதோ கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. வசூல் அழைப்பு காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வரக் கூடாது. அப்பா இணைக்கடனாளி இல்லை, அவருக்குச் சட்டப்படி எந்தப் பொறுப்பும் இல்லை. அழைத்த தேதி, நேரம், எண்ணைக் குறித்து வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குத் தம்பி பெயரில் எழுத்தில் அனுப்புங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாகப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள்.

இரண்டாவது, யாராவது போனில் "பாதியைக் கட்டுங்கள், மீதியைத் தள்ளுபடி செய்கிறோம்" என்பார்கள். இனிமையாக இருக்கும். அப்படி முடித்தால் கடன் அறிக்கையில் முழுவதும் அடைத்ததாக வராது, சமரசத்தில் முடித்ததாக வரும். துண்டில் அது நிற்கும். தம்பிக்குச் சம்பளம் இருக்கிறது, முழுவதும் அடைக்கவே பாருங்கள்.

மூன்றாவது, நகையை வைக்க மனமில்லையென்றால் மொத்தப் பாக்கியையும் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்லி வங்கியிடமே கேளுங்கள். அட்டை வட்டியைவிடப் பெரிதும் குறைவாக இருக்கும். கேட்டால்தான் தருவார்கள். தவணை ஓடும்வரை அட்டையில் புதிதாக எதையும் வாங்கக் கூடாது.

வட்டியை யாராவது கட்டுப்படுத்த மாட்டார்களா என்று சிலர் கேட்கிறார்கள். 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. உச்சவரம்பு என்று எதையும் நம்பி இருக்காதீர்கள். அமெரிக்காவில் 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 21 வயது ஆகாதவருக்குக் கடன் அட்டை வேண்டுமென்றால் கட்டும் அளவுக்குச் சொந்த வருமானம் காட்ட வேண்டும், இல்லையென்றால் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். கல்லூரி வளாகங்களில் பரிசுப் பொருள் கொடுத்து அட்டைக்கு ஆள் பிடிப்பதையும் அது கட்டுப்படுத்தியது. நமக்கும் அப்படியொன்று வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து.

ஓட்டுநர் தம்பிக்கும் ஒன்று. மழைக்கால வருமானக் கணக்கு நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் பில் தேதியை மாற்றிக்கொள்ளும் உரிமை அட்டைக்காரருக்கு இருக்கிறது. எப்போது கையில் பணம் புரளுமோ அதை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

சேரிங்கிராஸ் ஓட்டுநர் | செவ்வாய், மதியம் 2.00

தேதியை மாற்றலாம் ஐயா, மாதத்தை மாற்ற முடியாதே. ஆகஸ்டை அக்டோபருக்குத் தள்ள எந்த வங்கியும் விடாது. என் டயர்க் கடனை இரண்டாம் சீசனில் அடைத்தேன், மொத்தம் 29,000 போனது. இப்போது ஏப்ரல், மே இரண்டு மாதமும் தினம் 300 ரூபாய் அஞ்சலகக் கணக்கில் போடுகிறேன். அடுத்த டயர் அதிலிருந்துதான்.

கட்டபெட்டு அக்கா | சனி, இரவு 9.45

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டோம். நானே வளையலைக் கழற்றித் தருகிறேன் என்றார். அப்பா வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார். புதன்கிழமை தம்பி வங்கிக்கு நேரில் போய்த் தவணைக்கு மாற்றக் கேட்டான். மாதம் 1.5 சதவீத வட்டியில் 12 தவணை, தவணைக்கு 5,501 ரூபாய். வட்டிக்கான வரியும் ஒருமுறைக் கட்டணமும் தனி. ஐயா, கணக்குப் பார்த்தேன், வட்டி மொத்தம் ஆறாயிரத்தை ஒட்டி வருகிறது, நகைக்கடனைவிட அதிகம்தான். ஆனால் வளையல் வீட்டில் இருக்கிறது. அப்பாவின் எண்ணை நீக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தான். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. சம்பளம் 1ஆம் தேதி வருவதால் கடைசித் தேதியை 8க்கு மாற்றிக்கொண்டான். வரம்பைப் பந்தலூர்த் தம்பி சொன்னதுபோலக் குறைக்கவும் கேட்டிருக்கிறோம்.

சித்தப்பா பிள்ளைகளிடம் மாணவி தங்கை எழுதியதையும் ஓட்டுநர் அண்ணா எழுதியதையும் சேர்த்தே படிக்கக் கொடுத்தேன். பெரியவள் வைப்புத்தொகை அட்டை வேண்டும் என்கிறாள். சின்னவன் எதுவும் வேண்டாம் என்கிறான். இருவரையும் நான் தடுக்கவில்லை.

தம்பி இங்கே கணக்குத் தொடங்கியிருக்கிறான். அவனே எழுதட்டும்.

கட்டபெட்டுத் தம்பி | சனி, இரவு 10.20

அக்கா எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அப்பாவின் எண்ணைக் கொடுத்தது என் தவறு. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நேற்று இரவு அப்பா ஸ்டேட்மென்ட்டைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடி, துணி இரண்டையும் தேடிக் கண்டுபிடித்துக் கோடு போட்டார். இவை வீட்டுச் செலவு, இதற்கு நான் தருகிறேன், மாதம் 1,500 என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: நான் கட்டிய பணம் முதலில் வட்டிக்குப் போனதா, அசலுக்குப் போனதா? வரிக்கும் கட்டணத்துக்கும் வட்டிக்கும் போன பிறகு மிச்சம்தான் அசலுக்கு என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

இன்று காலை இலை பறிக்கப் போகும் முன் 12 தவணைத் தேதியையும் நாள்காட்டியில் எழுதச் சொன்னார். தீர்ந்துபோகும் மாதங்களுக்கு அடுத்த ஆண்டுத் தாளைப் பின்னால் ஒட்டி எழுதினேன். மாலையில் பார்த்தபோது ஒவ்வொரு 8ஆம் தேதிக்குப் பக்கத்திலும் அப்பா தன் கையெழுத்தில் 1,500 என்று எழுதியிருந்தார். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மட்டும் அந்த எண்ணுக்குப் பதிலாக "இலை இல்லை" என்று எழுதியிருந்தது.